காணி கிடைக்க எந்த வழி? மலையகம் நடந்து பார்த்த மூன்று பாதைகள்

இலங்கையின் மலையகத் தேயிலைத் தோட்டங்களில் இப்போது சம்பளப் பேச்சுக்குச் சமமாகக் காணிப் பேச்சும் நடக்கிறது. தென்னிந்தியாவிலிருந்து கூலிகளாக வந்து, இருநூறு வருடங்களாக இந்த மலைகளை வெட்டித் திருத்தி, கோப்பி போட்டு, தேயிலை போட்டு, கொழுந்து பறித்த மக்களில் பெரும்பாலானோருக்குத் தாங்கள் படுத்தெழும்பும் லயன் (வரிசை வீடு) காம்பராவுக்குக் கீழே இருக்கும் பத்தடிக்குப் பன்னிரண்டடி நிலத்துக்குக்கூட உறுதிப் பத்திரம் கிடையாது. 2025 நவம்பரில் டித்வா புயல் வந்து மலைகள் சரிந்தபோது ஆபத்தான லயன்களை விட்டு வேறிடம் போகச் சொன்னார்கள். சொந்தமென்று ஒரு துண்டு நிலம் இல்லாதவர்கள் எங்கே போவது?

இதற்கு என்ன வழி என்று கேட்டால் மூன்று பதில்கள் வருகின்றன. வேலையை நிறுத்தினால்தான் நடக்கும் என்று பழைய தோட்டத் தலைவர்கள் சொல்வார்கள். நம்முடைய ஆட்கள் பாராளுமன்றத்தில் இருக்கிறார்கள், சட்டமாகக் கொண்டுவரட்டும் என்பது இன்னொரு பேச்சு. இந்த அமைப்பையே புரட்டிப் போடாமல் எதுவும் மாறாது என்பது படித்த இளைஞர்கள் சிலரின் கட்சி. 2022-ல் ஜனாதிபதியை விரட்டிய போராட்டத்தில் கொழும்புக் காலிமுகத்திடலில் நின்றவர்கள் அதை இன்னும் உறுதியாகச் சொல்கிறார்கள்.

மூன்றையும் இந்த மக்கள் ஏற்கனவே பார்த்தாகிவிட்டது. மூன்றிலும் விலை கொடுத்திருக்கிறார்கள். ஆகவே எது நல்லது என்று புத்தகத்தை வைத்து வாதாடத் தேவையில்லை, நடந்ததை வைத்தே ஒப்பிடலாம். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: மலையக மக்களுக்கு நிலைத்த பலன் தந்ததெல்லாம், வேலைநிறுத்தத்தின் பலத்தால் எழுத வைத்த சட்டம்தான். அந்தப் பலம் வருடத்துக்கு வருடம் குறைந்துகொண்டு வருகிறது. மிச்சம் இருப்பதை நாட்சம்பளத்துக்கு மட்டும் செலவழித்துவிடாமல் காணிக்காக எடுக்க வேண்டும் என்பதுதான் என் வாதம்.

சட்டத்தை மட்டும் நம்பியிருந்த காலம்

எங்கள் மூத்தவர்கள் அதிகம் நம்பியது சட்டத்தின் வழியைத்தான். அவர்களை அதிகம் காயப்படுத்தியதும் அதுதான். 1947 தேர்தலில் தோட்ட மக்களின் கட்சியான இலங்கை இந்தியன் காங்கிரஸ் ஏழு ஆசனங்களை வென்றது. வேறு பல தொகுதிகளில் தோட்டத்து வாக்குகள் இடதுசாரி வேட்பாளர்களுக்குக் கைகொடுத்தன. கூலிகள் என்று அழைக்கப்பட்டவர்கள் ஒழுங்காக வரிசையில் நின்று வாக்களித்து, ஒழுங்காக ஆட்களைத் தேர்ந்தெடுத்து அனுப்பினார்கள். அடுத்த வருடமே, 1948-ன் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. 1949-ல் தேர்தல் சட்டத்தைத் திருத்தி, பிரஜை அல்லாதவருக்கு வாக்கு இல்லை என்றாக்கினார்கள். 1952 தேர்தலில் தோட்ட மக்களின் பிரதிநிதி என்று சொல்ல ஒருவரும் பாராளுமன்றத்துக்குப் போகவில்லை.

1948 சட்டம் கேட்டது பரம்பரைச் சான்று. தகப்பன் இலங்கையில் பிறந்ததற்கோ, பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்ததற்கோ அத்தாட்சி வேண்டும். லயன் காம்பராவில் பிறந்த பிள்ளைக்குப் பிறப்புப் பதிவு எங்கே இருந்தது? 1949-ல் இந்திய, பாகிஸ்தானிய வதிவாளருக்கென்று தனிச் சட்டம் போட்டு விண்ணப்பிக்கச் சொன்னார்கள். லட்சக்கணக்கானோர் விண்ணப்பித்தார்கள். பெரும்பாலான விண்ணப்பங்கள் நிராகரிக்கப்பட்டன. 1952-ல் மாதக்கணக்கில் சத்தியாக்கிரகம் இருந்தார்கள். அரசாங்கம் அசையவில்லை.

பிறகு 1964 அக்டோபரில் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம். 9,75,000 பேர். அதில் 5,25,000 பேரை இந்தியா எடுக்கும், மூன்று லட்சம் பேரை இலங்கை எடுக்கும், மிச்சம் ஒன்றரை லட்சம் பேரைப் பிறகு பார்க்கலாம் என்று எழுதினார்கள். அந்த மிச்சத்தையும் 1974-ல் ஆளுக்கு 75,000 என்று பிரித்தார்கள். யாரை எங்கே என்று அந்த மக்களில் ஒருவரிடமும் கேட்கவில்லை. ஒரே குடும்பத்தில் அண்ணன் இந்தியாவுக்கு, தங்கை இலங்கைக்கு என்று ஆனது. இந்தியாவுக்குக் கப்பலேறும் தலைமன்னாருக்குப் போகும் கோச்சி (ரயில்) புறப்படும் ஸ்டேஷன்களில் எழுந்த அழுகையைக் கேட்டவர்கள் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள்.

சட்டம் என்றாலே கெடுதல் என்று சொல்ல வரவில்லை. உள்ளூராட்சி மன்றங்களுக்கான 1987-ன் பிரதேச சபைச் சட்டத்தில் 33ஆம் பிரிவு என்று ஒன்று இருந்தது. அதைக் காட்டி, தோட்டத்துக்குள் பிரதேச சபையின் பணத்தைச் செலவழிக்க முடியாது என்று கைவிரித்தார்கள். தோட்ட மக்கள் பிரதேச சபைக்கு வாக்களிப்பார்கள், உறுப்பினர்களும் அவர்களிலிருந்தே வருவார்கள், ஆனால் தோட்டத்து ரோட்டில் விழுந்த குழியை மூடச் சபைக்கு அதிகாரம் இல்லை. முப்பது வருடம் இப்படி ஓடி, 2018-ல் அந்தச் சட்டத்தைத் திருத்தினார்கள். ஒருவரும் சாகவில்லை, ஒரு நாள் சம்பளமும் போகவில்லை. 2003-ல் மிச்சமிருந்த நாடற்றவர்களுக்குப் பிரஜாவுரிமை கொடுத்த சட்டமும் பாராளுமன்றத்தில் எதிர்ப்பில்லாமல் நிறைவேறியது. சீர்திருத்தத்தின் நல்ல முகம் இது: செலவு குறைவு, வந்த பிறகு நின்று பிடிக்கும். கெட்ட முகம், அது எப்போது வரும் என்பது உங்கள் கையில் இல்லை. நாட்டு மக்களில் எண்ணிக்கையில் மிகச் சிறுபான்மையாக இருப்பவர்களுக்கு வாக்குப் பலம் மட்டும் போதாது. மற்றவர்களுக்கு நஷ்டமில்லாத சட்டம் என்றால் முப்பது வருடத்தில் கிடைக்கும். மற்றவர்கள் எதையாவது விட்டுக்கொடுக்க வேண்டிய சட்டம் என்றால், வெறும் வேண்டுகோளுக்கு அது கிடைத்ததாக எங்கள் சரித்திரத்தில் இல்லை. காணி இந்த இரண்டாவது வகை.

கொழுந்து காத்திருக்காது

வேலைநிறுத்தத்தின் பலம் எங்கிருந்து வருகிறது என்று தெரிய வேண்டுமானால் மலைக்குத்தான் போக வேண்டும். இன்று ஒரு மலையில் கொழுந்து எடுத்தால், ஏழெட்டு நாளில் மறுபடி அதே மலைக்கு வந்தாக வேண்டும். பிந்தினால் இரண்டு இலையும் மொட்டுமாக இருந்தது முற்றிப்போகும். முற்றியதை எடுத்தால் தூள் தரம் இறங்கும், எடுக்காமல் விட்டால் செடி மட்டத்துக்கு மேலே வளர்ந்துவிடும். பிறகு கவ்வாத்து வெட்டித்தான் அதை வழிக்குக் கொண்டுவர வேண்டும். துணி ஆலையில் ஒரு வாரம் வேலை நின்றால் நூல் அப்படியே கிடக்கும், மறுவாரம் நெய்து கொள்ளலாம். தேயிலையில் போன வாரத்துக் கொழுந்து போனதுதான். நெற்றியில் கூடைக் கயிற்றை மாட்டிக்கொண்டு காலையில் ஆட்களை வேலைக்குப் பிரிக்கும் பெரட்டுக்கு வந்து நிற்கும் பெண்ணின் கையில்தான் அந்த முழுக் கணக்கும் இருக்கிறது. அவள் பெரட்டுக்கு வராவிட்டால் தொழிற்சாலையில் இலை வாட்டும் தட்டுகள் காலியாகக் கிடக்கும்.

தோட்டங்களை நிர்வகித்த துரைமார் இதை நன்றாக அறிந்திருந்தார்கள். அதனால்தான் வெளியாட்களைத் தோட்டத்துக்குள் விடாமல் வைத்திருந்தார்கள். பத்திரிகையாளரான நடேசய்யர் துணி வியாபாரி வேடத்தில் தோட்டங்களுக்குள் போய் நிலைமையைப் பார்த்தார். 1931-ல் தோட்டத் தொழிலாளர்களுக்காகச் சம்மேளனம் ஒன்றைத் தொடங்கினார். அவருடைய மனைவி மீனாட்சி அம்மை கூட்டங்களில் பாடிய பாட்டுக்கள் பேச்சு போகாத இடத்துக்கெல்லாம் போயின. 1940 ஜனவரி 10-ல் முல்லோயா தோட்டத்தில் 16 சதம் சம்பள உயர்வு கேட்டு நடந்த வேலைநிறுத்தத்தின்போது பொலிஸ் சுட்டு கோவிந்தன் என்ற தொழிலாளி செத்தார். அந்த ஒரு சாவு கொழும்பு அரசாங்க சபை வரை போய் விசாரணைக் கமிஷனில் வந்து நின்றது. அதே வருடம் துரைமார் சங்கம் தொழிற்சங்கங்களோடு ஏழு அம்ச உடன்படிக்கை செய்தது. 1941-ல் சம்பளச் சபைகள் சட்டம் வந்தது. இன்றும் தோட்டச் சம்பளத்தை வர்த்தமானியில் (அரசிதழில்) போட வைக்கும் சபை அந்தச் சட்டத்தின் பிள்ளைதான்.

என் கணக்கில் மலையகத்தின் மிகச் சிறந்த இரண்டு வேலைநிறுத்தங்கள் 1984-லும் 1986-லும் நடந்தவை. இரண்டையும் சற்று நின்று பார்க்க வேண்டும்.

1983 ஜூலை இனக்கலவரத்தில் தோட்ட மக்களும் அடிபட்டார்கள், வீடிழந்தார்கள், பலர் வன்னிக்கு ஓடினார்கள். அதிலிருந்து ஒன்பதே மாதத்தில், 1984 ஏப்ரலில், சங்கங்கள் எல்லாம் சேர்ந்து வேலையை நிறுத்தின. அந்த நிலைமையில் அதற்கு எவ்வளவு தைரியம் வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள். ஆனால் நேரம் சரியாக இருந்தது. உலகச் சந்தையில் தேயிலை விலை ஏறியிருந்தது. தோட்டங்கள் 1975 முதல் அரசாங்கத்தின் கையில் இருந்ததால், இழக்கும் ஒவ்வொரு கிலோவும் நேரே திறைசேரியின் நஷ்டம். எந்தச் சங்கமும் பிரிந்து நிற்கவில்லை. நீண்ட நாள் இழுக்காமல் அரசாங்கம் இறங்கிவந்தது. அதுவரை ஆணுக்கு ஒரு சம்பளம், பெண்ணுக்கு அதைவிடக் குறைந்த சம்பளம் என்றிருந்தது. அந்த வேலைநிறுத்தத்தோடு இருவருக்கும் ஒரே சம்பளம் ஆனது. கொழுந்தெடுப்பவர்களில் பெரும்பாலானோர் பெண்கள் என்பதால், ஒவ்வொரு குடும்பத்தின் பத்தாந்திகதிச் சம்பளத்திலும் அது தெரிந்தது. பிறகு யாரும் அதைத் திரும்பப் பறிக்கவில்லை.

1986-ல் நடந்ததை வேலைநிறுத்தம் என்று சொல்வதா என்றே சிலர் கேட்பார்கள். மலையகத்தின் பெரிய சங்கமான இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸ் அதைப் பிரார்த்தனை என்று அறிவித்தது. தைப்பொங்கலன்று தொடங்கி மூன்று மாதம், தினமும் காலையிலிருந்து மதியம் வரை தொழிலாளர்கள் கோயிலில் இருந்து பிரார்த்திப்பார்கள், அதற்குப் பிறகு வேலைக்குப் போவார்கள். கோரிக்கை, நாடற்றவர்களாக விட்டுப்போனவர்களுக்குப் பிரஜாவுரிமை. அவசரகாலச் சட்டம் நடைமுறையில் இருந்த நாட்டில் வேலைநிறுத்தத்தைத் தடை செய்யலாம். மாரியம்மன் கோயிலில் கற்பூரம் கொளுத்திக் கும்பிடுபவர்களை எந்தச் சட்டத்தில் பிடிப்பது? அதே நேரம் அரை நாள் கொழுந்து போய்க்கொண்டிருந்தது. மூன்று மாதம் முழுக்க நடத்தத் தேவைப்படவில்லை. அரசாங்கம் உடன்பட்டு, அந்த வருடமே சட்டம் கொண்டுவந்தது. இந்தியப் பிரஜாவுரிமைக்கு விண்ணப்பிக்காமல் விட்டிருந்த 94,000 பேரை இலங்கை ஏற்றுக்கொண்டது. 1948-ல் எடுத்ததைத் திருப்பி வாங்கும் வேலை அதோடு பெருமளவு முடிந்தது. 1988-லும் 2003-லும் வந்த சட்டங்கள் அதன் தொடர்ச்சி.

கோயில் வாசலில் உட்கார்ந்ததால் மட்டும் அது கிடைத்தது என்று சொன்னால் நியாயமாகாது. சங்கத்தின் தலைவர் தொண்டமான் அப்போது அமைச்சரவைக்குள் இருந்தார், சட்டமூலத்தை உள்ளே தள்ள ஓர் ஆள் இருந்தது. டில்லியின் அழுத்தம் இருந்தது. வடக்கில் யுத்தம் மூண்டிருந்தது, மலையகமும் அந்தப் பக்கம் சாய்ந்துவிடக் கூடாது என்ற பயம் கொழும்புக்கு இருந்தது. கீழே நிற்கும் வேலை, உள்ளே இருக்கும் கை, மேலே இருக்கும் பயம் மூன்றும் ஒரே மாதத்தில் கூடின.

அவை கூடாதபோது என்ன நடக்கும் என்பதற்கு 1980 ஜூலை இருக்கிறது. அரச ஊழியர்கள் பொது வேலைநிறுத்தம் செய்தார்கள். ஜே.ஆர். ஜயவர்தன அரசாங்கம் சுமார் 40,000 பேரை ஒரே அடியாக வேலையிலிருந்து நீக்கியது. பாராளுமன்றத்தில் ஆறில் ஐந்து பங்கு பெரும்பான்மை வைத்திருந்தவருக்கு யாருக்கும் பதில் சொல்லும் தேவை இருக்கவில்லை. மலையகத்தின் பெரிய சங்கம் அன்று அரசாங்கத்தின் பக்கம் இருந்தது, கலந்துகொள்ளவில்லை. அது சரியா என்பது பற்றி எனக்கு இன்றும் மனக்கசப்பு உண்டு. வேலை போனவர்களும் தொழிலாளர்கள்தான்.

சம்பளத்துக்காக மட்டும் நடந்த போராட்டங்களின் கதை வேறு. 2015 முதல் ஆயிரம் ரூபா கேட்டார்கள். 2018 அக்டோபரில் கொழும்பில் வேலை செய்யும் மலையக இளைஞர்கள் கறுப்புடையோடு காலிமுகத்திடலில் கூடினார்கள். 2019-ல் கூட்டு ஒப்பந்தத்தில் கிடைத்தது 700 ரூபா அடிப்படைச் சம்பளமும் 50 ரூபா கொடுப்பனவும். 2021 மார்ச்சில்தான் சம்பளச் சபை வழியாக ஆயிரம் வந்தது. கம்பனிகள் நீதிமன்றம் போயின. பல தோட்டங்களில் ஒரு நாள் பேருக்கு, அதாவது முழு நாள் சம்பளத்துக்கு, எடுக்க வேண்டிய கிலோவைக் கூட்டினார்கள், குறைந்தால் அரைப்பேர் (அரை நாள் சம்பளம்) போட்டார்கள். அடுத்த வருடம் பொருளாதாரம் விழுந்தது, டொலர் சுமார் 200 ரூபாவிலிருந்து 360-ஐத் தொட்டது. ஆறு வருடம் போராடி வாங்கிய உயர்வைச் சில மாதங்களில் அரிசியும் மண்ணெண்ணெயும் தின்றுவிட்டன. 2024-லும் 1,700 என்று வர்த்தமானி வந்து, வழக்கு வந்து, கடைசியில் 1,350-ல் நின்றது. சம்பளம் வேண்டாம் என்று யாரும் சொல்ல முடியாது, அடுப்பு எரிய வேண்டும். ஆனால் 1986-ல் வாங்கிய பிரஜாவுரிமையை எந்த டொலரும் தின்னவில்லை.

புரட்சி வந்தபோது நாங்கள் எங்கே நின்றோம்

மலையகத்தில் புரட்சியின் வாடை மிக நெருங்கி வீசியது 1940-ல்தான் என்று நினைக்கிறேன். ஊவாவில் வெவஸ்ஸ தோட்டத்துத் தொழிலாளர்கள் இடதுசாரிக் கட்சியான சமசமாஜக் கட்சியின் சங்கத்தில் சேர்ந்து, தங்களுக்குள் ஒரு சபையைத் தெரிவு செய்தார்கள். தோட்டத்து விஷயங்களை அந்தச் சபையோடு கலந்துதான் முடிவெடுப்பேன் என்று துரை ஒப்புக்கொள்ள வேண்டி வந்தது. ஒழுங்கை நிலைநாட்ட வந்த ஆயுதப் பொலிஸாரிடமிருந்து தொழிலாளர்கள் ஆயுதங்களைப் பிடுங்கிவிட்டார்கள் என்று அந்தக் கட்சியின் வரலாறு சொல்கிறது. அந்த வருடம் ஜூன் மாதம் கட்சித் தலைவர்களைப் பிடித்துச் சிறையில் போட்டார்கள். வெவஸ்ஸ அலை அடங்கியது. அது உண்மையிலேயே எங்கள் மக்கள் கையால் நடந்தது. அதன் பிறகு இலங்கையில் நடந்த புரட்சிகள் எங்களைக் கேட்டு நடந்தவை அல்ல.

1965-ல் தொடங்கிய இடதுசாரிக் கட்சியான ஜே.வி.பி. (மக்கள் விடுதலை முன்னணி) தன் ஆட்களுக்கு ஐந்து வகுப்புகள் நடத்தியது. அதில் ஒன்று இந்திய விஸ்தரிப்புவாதம், அதாவது இந்தியா தன் ஆதிக்கத்தை இலங்கைக்கும் விரிக்கப் பார்க்கிறது என்பது. தோட்டத் தொழிலாளர்கள் அந்த விஸ்தரிப்புவாதத்தின் கருவி என்று அங்கே சொல்லிக்கொடுத்தார்கள். நாட்டிலேயே மிக மோசமாகச் சுரண்டப்பட்ட தொழிலாளர்களை எதிரியின் பக்கம் நிறுத்திய புரட்சி அது. 1971 ஏப்ரல் 5-ல் கிளர்ச்சி வெடித்தது, சில வாரங்களில் ஆயிரக்கணக்கான இளைஞர்களின் உயிரோடு அடக்கப்பட்டது. தோட்ட மக்கள் ஒதுங்கி நின்றார்கள். ஆனால் அடி அவர்களை ஒதுக்கவில்லை.

எப்படி என்றால், கிராமத்து இளைஞர்களின் கோபத்துக்குப் பதிலாக அரசாங்கம் காணிச் சீர்திருத்தம் கொண்டுவந்தது. 1972-ல் தனியாருக்கு ஐம்பது ஏக்கர் உச்சவரம்பு, 1975-ல் கம்பனித் தோட்டங்கள் தேசியமயம். கேட்பதற்கு நல்ல சட்டம்தான். நடந்தது என்ன? பல தோட்டங்களைத் துண்டாடிக் கிராமத்தவர்களுக்குக் கொடுத்தார்கள், அங்கே வேலை செய்தவர்களைத் துரத்தினார்கள். 1973, 74-ல் தோட்டங்களில் பட்டினிச் சாவுகள் நடந்தன. தேயிலைக்குக் காடு வெட்டியவர்களின் பேரப்பிள்ளைகள் பட்டணத்து வீதிகளில் கையேந்தி நின்றார்கள். புரட்சி தோற்றது, அதற்குப் பயந்து வந்த சீர்திருத்தம் எங்கள் காலுக்குக் கீழிருந்த நிலத்தை வேறொருவருக்குக் கொடுத்தது. இந்த ஒரு விஷயத்தைப் புரட்சியைப் பற்றிப் பேசும் தம்பிமார் நன்றாக மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

இதைத் தடுத்தது எது? 1977-ல் நுவரெலியா மாவட்டத்தில் 7,000 ஏக்கர் தோட்டக் காணியைப் பிரிக்கப் பார்த்தபோது தொழிலாளர்கள் வேலையை விட்டு ரோட்டுக்கு வந்தார்கள். மே 11-ல் டெவன் தோட்டத்தருகே பொலிஸ் சுட்டதில் சிவனு லெட்சுமணன் என்ற இளைஞன் இறந்தான். அந்தப் பிரிப்பு நின்றது. காணிக்காக வேலையை நிறுத்தி வென்ற முன்மாதிரி எங்களிடமே இருக்கிறது. ஆனால் அது இருந்ததைக் காப்பாற்றிய வெற்றி. புதிதாக ஒரு பேர்ச் (ஏக்கரில் 160-ல் ஒரு பங்கு) நிலமும் வாங்கித் தரவில்லை.

வடக்கிலிருந்து வந்த விடுதலை இயக்கங்களில் ஈரோஸ் மலையகத்தையும் சேர்த்துப் பேசியது, தோட்டத்து இளைஞர்கள் சிலர் அதில் போனார்கள். 1977-லும் 1983-லும் அடிவாங்கி வவுனியா, கிளிநொச்சிப் பக்கம் குடியேறியவர்களின் பிள்ளைகள் யுத்தத்தில் மாண்டார்கள். தோட்டங்களில் இருந்தவர்களில் பலர் சந்தேகத்தின் பேரில் பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் உள்ளே போனார்கள். சிங்களக் கிராமங்களுக்கு நடுவில், ஒரே ரோட்டைப் பிடித்தால் அடைபட்டுவிடும் பள்ளத்தாக்குகளில் சிதறிக் கிடக்கும் ஒரு மக்களுக்கு ஆயுதம் என்ன கொடுக்க முடியும்? தற்காப்புக்குக்கூட வழியில்லாத புவியியல் எங்களுடையது.

1987 முதல் 1989 வரை ஜே.வி.பி. இரண்டாம் முறை எழுந்தது, பல்லாயிரம் பேர் செத்தார்கள். அதன் தலைவர் ரோஹண விஜேவீர கடைசியில் பிடிபட்டது உலப்பனையில், தோட்டச் சொந்தக்காரர் என்று வேறு பெயரில் வாழ்ந்த வீட்டில். அதே கட்சி ஆயுதத்தை வைத்துவிட்டு, முப்பது வருடம் தேர்தல் வழியில் நடந்து, 2024 செப்டம்பரில் நாட்டின் ஜனாதிபதிப் பதவியைப் பிடித்தது. அவர்களுடைய தேசிய மக்கள் சக்தி 2023-ல் ஹட்டனில் மலையக மக்களுக்காக ஒரு பிரகடனம் வெளியிட்டது. 2024 பொதுத் தேர்தலில் நுவரெலியா மாவட்டத்திலும் அவர்களே முன்னுக்கு வந்தார்கள். விஸ்தரிப்புவாத வகுப்பிலிருந்து ஹட்டன் பிரகடனத்துக்கு வந்திருக்கிறார்கள் என்றால் அதை மனதார வரவேற்க வேண்டும். துப்பாக்கியால் இரண்டு முறை கிடைக்காதது அவர்களுக்கே வாக்குச்சீட்டால்தான் கிடைத்தது.

சரி, 2022? அது ஆயுதப் புரட்சி இல்லை, ஆனால் ஒரு ஜனாதிபதியை ஓடவைத்தது. ஏப்ரல் 28, மே 6 ஆகிய இரண்டு நாட்களும் நாடு முழுக்க வேலைநிறுத்தம், தோட்டச் சங்கங்களும் சேர்ந்தன. ஜூலை 9-ல் மக்கள் ஜனாதிபதி மாளிகைக்குள் போனார்கள், 13-ல் கோட்டாபய நாட்டைவிட்டு ஓடினார், 14-ல் பதவி விலகினார். 20-ஆம் திகதி பழைய பாராளுமன்றமே புதிய ஜனாதிபதியைத் தெரிவு செய்தது. ஆள் மாறினார், சட்டம் ஒன்றும் மாறவில்லை. ஆனாலும் அந்த நாட்களில் சிங்களப் பிள்ளைகளோடு தோளுரசி நின்ற மலையகப் பிள்ளைகளின் அனுபவத்தை நான் குறைத்துப் பேச மாட்டேன். தோட்டத்து மக்களும் இந்த நாட்டின் பிரஜைகள் என்று மற்றவர்கள் கண்ணால் பார்த்தார்கள். அது மேடை. அந்த மேடையில் வைக்க எங்களிடம் எழுதிய கோரிக்கை தயாராக இருந்ததா என்றால், இல்லை.

அப்படியானால் காணிக்கு?

இங்கே ஒரு விவரம் முக்கியம். தோட்டக் காணி கம்பனிகளுடையது அல்ல. 1992-ல் நிர்வாகத்தைத் தனியார் கம்பனிகளிடம் கொடுத்தபோதும், பிறகு குத்தகை எழுதியபோதும் நிலம் அரசாங்கத்திடமே இருந்தது. குத்தகைக் காலம் 53 வருடம், 2045-ல் முடிகிறது. சம்பளம் கேட்டால் அது கம்பனியோடு சண்டை, அரசாங்கம் நடுவர் மாதிரி தள்ளி நிற்கலாம். காணி கேட்டால் கேட்பது அரசாங்கத்திடம். கொடுக்கும் அதிகாரமும் அதற்குத்தான் உண்டு. குத்தகை முடியும்வரை பொறுங்கள் என்றால் இன்று கூடை தூக்குபவர்களில் பலர் அப்போது இருக்கமாட்டார்கள். புதுக் குத்தகை எழுதத் தொடங்குமுன் லயன்களும் புது வீடுகளும் நிற்கும் நிலம் தோட்டக் கணக்கிலிருந்து வெளியே வந்துவிட வேண்டும்.

புரட்சியை நான் தேர்ந்தெடுக்காததற்குக் காரணம் பயம் அல்ல. அதில் பங்கு கேட்கும் அளவுக்கு எங்களுக்கு எண்ணிக்கையும் இல்லை, இடமும் இல்லை. காணி கைமாறிய ஒரே பெரிய மாற்றத்தில் நாங்கள் கொடுத்தவர்களாக இருந்தோம். சட்டத்தை மட்டும் நம்பலாமா? இன்றைய அரசாங்கம் நல்லெண்ணத்தோடு இருக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். பக்கத்துக் கிராமத்தில் காணியில்லாத சிங்களக் குடும்பம் இருக்கும், கம்பனி இருக்கும், அவர்களுடைய குரலும் அமைச்சுக்குள் கேட்கும். எங்கள் குரல் எதனால் எடுபடும்?

வேலைநிறுத்தத்தால் எடுபடும், ஆனால் 1984-ஐப் போல் இல்லை. இலங்கைத் தேயிலையில் கிட்டத்தட்ட முக்கால் பங்கு இன்று சிறுதோட்டக்காரரின் கொழுந்து. பெருந்தோட்டங்களில் பதிவிலுள்ள தொழிலாளர் தொகை சுருங்கிவிட்டது, பிள்ளைகள் கொழும்புக் கடைகளிலும் மத்திய கிழக்கிலும் இருக்கிறார்கள். இன்னும் பத்து வருடத்தில் கொழுந்தை நிறுத்துவோம் என்று சொன்னால் கேட்டு அஞ்சுவதற்கு ஆள் இருக்குமோ தெரியாது. சங்கங்கள் சந்தாவுக்காகப் பிரிந்து கிடப்பது இந்தப் பலவீனத்தை இரட்டிப்பாக்குகிறது. இதனால்தான் காணிக்கு இப்போதே என்கிறேன்.

1986-ல் கூடியது மறுபடி கூட முடியுமா? உள்ளே கை இருக்கிறது: ஆளும் கட்சியிலேயே மலையகப் பாராளுமன்ற உறுப்பினர்கள், எதிர்க்கட்சியில் பழைய சங்கங்களின் ஆட்கள். ஆளும் கட்சியே எழுதிய ஹட்டன் பிரகடனமும் இருக்கிறது. புயலுக்குப் பிறகு பாதுகாப்பான இடத்தில் வீடு என்பதை மறுத்துப் பேச எந்தக் கட்சிக்கும் வாயில்லை. குறைவது கீழிருந்து வர வேண்டிய அழுத்தம். அதற்கு முழு வேலைநிறுத்தம்கூட வேண்டியதில்லை. கொழுந்து மண்டி வரும் மாதங்களில், எல்லாச் சங்கங்களும் சேர்ந்து, அரை நாள். வரட்சி மாதத்தில் செய்தால் கம்பனிக்கு அது லாபமாகக்கூட முடியும்.

என்ன கேட்பது என்பதிலும் கவனம் வேண்டும். ஆட்சிக்கு ஆட்சி விழா வைத்து ஏழு பேர்ச் என்றும் பத்து பேர்ச் என்றும் சொல்லிக் கடதாசி கொடுத்திருக்கிறார்கள். அந்தக் கடதாசியைக் காணிப் பதிவகத்தில் பதியலாமா, வங்கியில் ஈடு வைக்கலாமா, தோட்டத்தில் வேலை செய்யாத மகளுக்கு எழுதிக் கொடுக்கலாமா, வேலையை விட்டால் வீடும் போகுமா? இந்த நாலு கேள்விக்கும் சரியான பதில் இல்லாதது உறுதி ஆகாது. அமைச்சரவைத் தீர்மானமும் சுற்றறிக்கையும் அடுத்த அமைச்சரோடு போய்விடும். பாராளுமன்றத்தில் நிறைவேறிய சட்டம்தான் வேண்டும். வீட்டு நிலத்துக்கு மட்டும் கேட்பதா, பயிர்செய்யக் கொஞ்சம் சேர்த்துக் கேட்பதா என்று மலையக அமைப்புகளுக்குள் இருபது பேர்ச் வரை பல கருத்து இருக்கிறது. அதைத் தங்களுக்குள் பேசி ஓர் எண்ணுக்கு வர வேண்டும், பேச்சுவார்த்தை மேசையில் போய்ச் சண்டை பிடிக்கக் கூடாது. குடும்பத் தலைவன் பெயரில் மட்டும் எழுதினால் 1984-ல் சம்பளத்தில் வென்ற பெண்கள் காணியில் தோற்பார்கள், ஆகவே உறுதியில் இருவர் பெயரும் இருக்க வேண்டும்.

சம்பளச் சபை அடுத்த முறை கூடும்போது வழக்கம்போல ஒரு தொகையைப் பற்றிப் பேரம் நடக்கும். அன்றைக்குச் சங்கங்கள் தொகையோடு சேர்த்து காணிச் சட்டமூலத்தின் வரைவையும் அரசாங்கத்திடம் கொடுக்க வேண்டும். அந்த வரைவு இன்னும் எழுதப்படவில்லை என்றால், சட்டம் படித்த மலையகப் பிள்ளைகள் இன்று நிறையப் பேர் இருக்கிறார்கள், அவர்களிடம் இந்த மாதமே அந்த வேலையைக் கொடுக்கலாம்.